போடிமெட்டு ஜீப்பில் கேரம் பவுடர்

ஓய்வு பெற்ற பிறகு டிவிக்கு முன்னால் சுகமாகச் சாய்ந்திருந்த என்னை எழுத உட்கார வைத்தது ஒரு பூண்டுப் பல்.

போடியில் நான் மருந்தாளுநராக இருந்த நர்சிங் ஹோமில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். பஜ்ஜி தின்று முடித்ததும் ஒருத்தி கைப்பேசியை நீட்டினாள். அதில் முகமெல்லாம் மினுமினுக்கும் ஒரு பெண், அடிக்கடி வரும் பூஞ்சைத் தொற்றுக்கு ஒரு பல் பூண்டை உரித்து உள்ளே வைத்துக்கொண்டு படுத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே என்றால் வாய்க்குள் இல்லை, பிறப்புறுப்புக்குள்.

"வெளிநாட்ல புதுசாக் கண்டுபுடிச்ச வைத்தியமாம்க்கா" என்றாள்.

எனக்குக் காபி புரையேறிவிட்டது. அவர்களே என் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. புதுசாம்! வடுகப்பட்டிச் சந்தைப் பூண்டை வைத்துக்கொண்டு, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், ஆட்டோவில் மண்டி போட்டபடி வந்து இறங்கிய பெண்ணுக்கு நான் கதவு திறந்துவிட்டிருக்கிறேன். வீடியோவில் பேசுகிற பிள்ளை அப்போது பிறந்தே இருக்காது. கதையைக் கேட்டு இருவரும் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இதையெல்லாம் எழுதுங்கக்கா, சங்க மலர்ல போடுவோம்" என்றார்கள். மருந்தாளுநர் சங்க மலரில் வழக்கமாகச் சட்டப் பிரிவுகளும் தலைவர் படமும்தான் வரும். இந்த வருடமாவது யாராவது அதைப் பிரித்துப் படிக்கட்டும்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மதுரையில் டி.பார்ம் படித்தேன். களிம்பு குழைக்கவும் டாக்டர் கையெழுத்தைப் படிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாவது எனக்கு இன்னும் சரியாக வரவில்லை. அப்புறம் போடி, அப்புறம் அன்னம்மா டாக்டர்.

மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளி அவர். ஆள் குட்டை, குரல் நெட்டை. அவருடைய அறைக்கும் வெளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான் உண்டு. அந்தக் குரலுக்கு அதெல்லாம் எம்மாத்திரம். சந்தோஷமாக இருந்தால், மகளே என்கிற அர்த்தத்தில் என்னை "மோளே" என்பார். கோபம் வந்துவிட்டால் குரல் தாழ்ந்து, மரியாதை கூடி, "மேடம்" என்பார். மேடம் என்ற சத்தம் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிடுவேன்.

எங்கள் ஊர்ப் பெண்கள் அந்த இடத்துக்குப் பேர் சொல்ல மாட்டார்கள். டாக்டரம்மா விடவும் மாட்டார்.

"அங்கன அரிக்குது டாக்டரம்மா."

"அங்கனன்னா எங்க? முட்டியிலயா?"

"இல்ல... கீழ."

"பாதத்திலயா?"

வெளியே காத்திருக்கும் பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்குவார்கள். கடைசியில் அந்தப் பெண் சொல்லிவிடுவாள். "பேரே சொல்ல முடியாத இடத்துக்கு நான் எப்படி மருந்து தர்றது மோளே?" என்று டாக்டரம்மா அவள் கன்னத்தில் தட்டுவார். அதற்கப்புறம் அவள் ஒன்றையும் மறைக்க மாட்டாள். அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

முதல் தடவை வந்தவளுக்குக் களிம்பு கொடுத்து அனுப்பிவிடுவார். திரும்பத் திரும்ப வருகிறவள்தான் அவருக்கு முக்கியமான ஆள். சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் பார்க்கச் சொல்வார். கடையில் சொந்தமாக ஆன்டிபயாடிக் வாங்கித் தின்றாளா, என்ன சோப்பு போட்டாள் என்று துருவுவார். வெள்ளைப்படுவதில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, மேலே ஒரு சொட்டு மருந்து விட்டு, மைக்ராஸ்கோப்பில் பூஞ்சையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பேசவே செய்வார். அரிப்பதெல்லாம் பூஞ்சை இல்லை என்பது அவர் கட்சி. பிறகு, அவர் மிகவும் ரசித்துக் கேட்கும் கேள்வி வரும்.

"வீட்ல என்ன செஞ்சே?"

வேப்பிலைத் தண்ணீர், மஞ்சள், தேங்காய் எண்ணெய், டெட்டால் என்று வரிசையாக வரும். ஒருத்தி தயிர் வைத்தேன் என்றாள். இவ்வளவு எரிச்சல் தயிருக்கு ஏன் என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம்.

"தயிரா, மோரா?"

"மோருதான். உப்புப் போட்டிருந்துச்சு. ஆனா தாளிக்கல டாக்டரம்மா."

அன்றைக்கு அவர் எழுந்து பின்வாசலுக்குப் போய்ச் சிரித்து முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துதான் மருந்து எழுதினார். பூண்டுப் பெண்ணிடம், "இது ரசத்துல இடுற சாதனமாச்சே மோளே" என்றபடியே பூண்டில் அவள் கட்டியிருந்த நூலைப் பிடித்து இழுத்தார். தயிரைச் சாப்பிடு, உடம்புக்கு நல்லது, ஆனால் மருந்துக்குப் பதில் ஆகாது. எண்ணெய் வெளித்தோலோடு நிற்கட்டும். உள்ளே சோப்பும் வேண்டாம் டெட்டாலும் வேண்டாம், அந்த இடம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். இதை எத்தனை ஆயிரம் தடவை அந்தத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருப்பேன் என்று தெரியாது.

களிம்புக்கும் மாத்திரைக்கும் அடங்காத பிடிவாதக்காரப் பூஞ்சை சிலருக்கு வரும். அதற்கென்று அவர் கடைசியாக வைத்திருந்தது, உள்ளே வைக்கிற போரிக் ஆசிட் கேப்ஸ்யூல். அப்படி ஒரு கேப்ஸ்யூல் எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது. காலிக் கூடுகளையும் மருந்துத் தரத்துப் பவுடரையும் மதுரையிலிருந்து வரவழைத்து நான்தான் நிரப்புவேன். கண்ணாடிப் பலகையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, மாஸ்க் கட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். பவுடரைச் சமமாகப் பரப்பி, கூட்டின் அடிப்பாகத்தைக் கவிழ்த்துப் பிடித்து, பவுடரில் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். தராசில் ஒரு தட்டில் காலிக் கூடும் அறுநூறு மில்லிகிராம் எடையும், மறு தட்டில் நிரப்பிய கூடும். முள் நடுவில் நின்றால் மூடி போட்டு, மெல்லிய துணியில் உருட்டி எடுத்து டப்பாவில் போடுவேன். யாராவது மறதியாக மின்விசிறியைப் போட்டுவிட்டால் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் மாதிரி எழுந்து வருவேன்.

வாயில் போட்டால் அது விஷம். அதனால் டப்பாமேல் சிவப்பு மையில் ஒரு வாயை வரைந்து, குறுக்கே பெருக்கல் குறி போடுவேன். என் ஓவியத்தின் அழகு, "மீனு திங்கக் கூடாதாம்மா?" என்று கேட்டவர்கள் உண்டு. கர்ப்பமாக இருப்பவளுக்கு அது எக்காரணத்தாலும் கிடையாது. அந்த விஷயத்தில் டாக்டரம்மா யார் சொன்னாலும் கேட்க மாட்டார்.

இப்போது சரசுவைச் சொல்ல வேண்டும். பக்கத்துத் தேவாரம் ஊர்க்காரி. ஏலத் தோட்டத்துக்குப் போகிற பெண்களை விடியற்காலையில் அள்ளிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப்புகளில் ஒன்றில் அவள் தினமும் போவாள். ஏலக்காட்டில் எந்நேரமும் ஈரம். மழைக்கும் அட்டைக்கும் பயந்து இடுப்பிலிருந்து கால்வரை பிளாஸ்டிக் படுதாவைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். உள்ளே ஈரப் பாவாடை, வெளியே பிளாஸ்டிக். பூஞ்சைக்கு இதைவிடச் சொகுசான குடியிருப்பு கிடைக்காது. சரசுவுக்கு வந்தது பிடிவாதக்காரப் பூஞ்சை. எங்கள் கேப்ஸ்யூலில்தான் அடங்கியது.

அவள் வீட்டுக்காரர் டீக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் இளவட்டங்கள் ஆட இரண்டு கேரம் போர்டு கிடந்தன. மிச்சமான ஒரு கேப்ஸ்யூலை ஆசைக்குப் பிரித்துப் பார்த்த சரசு, பவுடரை விரலில் தேய்த்தாள். அந்த வழவழப்பு அவளுக்கா தெரியாது? காய் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்காக அவள் வீட்டுக்காரர் போர்டில் தூவும் பவுடர். கண்டுபிடித்தது என்னவோ சரிதான், போர்டில் போடுவதும் போரிக் பவுடர்தான். ஆனால் சரசுவுக்குத் தாராள மனசு. காகிதத்தில் பொட்டணம் பொட்டணமாக மடித்து, ஜீப்பில் வருகிற அத்தனை பேருக்கும் கொடுத்துவிட்டாள். அந்த மாதம் தேவாரத்தில் கேரம் ஆட்டமே படுத்துவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

எங்களுக்கு இது ஒரு சாயங்காலம்தான் தெரிந்தது. அதே ஜீப்பில் போகும் ஒரு பெண் காலை அகட்டி அகட்டி நடந்து வந்தாள். தோலெல்லாம் சிவந்து புண்ணாகியிருந்தது.

"வீட்ல என்ன செஞ்சே?"

"கேரம் போர்டு பவுடரு வச்சேன் டாக்டரம்மா. சரசக்கா குடுத்தாக."

"எந்தா?"

"எல்லாருக்கும் குடுத்தாக. முத்துப்பேச்சிக்கு மட்டும் கூட ரெண்டு பொட்டணம். அவதான் ரொம்ப நெளியுறான்னு."

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. பிறகு மெல்ல ஒரு குரல் வந்தது. "மேடம், கொஞ்சம் உள்ளே வாங்க."

முத்துப்பேச்சி அதற்கு முந்தின வாரம்தான் வந்து போயிருந்தாள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. முன்பு இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் ஆரம்பத்திலேயே கலைந்துவிட்டது. இரண்டு தடவையும் முன்கூட்டியே ஊருக்கெல்லாம் சொல்லி, பிறகு ஊரெல்லாம் வந்து துக்கம் விசாரித்ததை அவளால் தாங்க முடியவில்லை. அதனால் இந்தத் தடவை மூன்று மாதம் முடியும்வரை வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லப் போவதில்லை என்று எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். ஜீப்பில் போகாதே என்று டாக்டரம்மா சொன்னதற்கு, "நின்னுட்டா ஏன் நின்னேன்னு கேப்பாகளே" என்றாள். கர்ப்பத்தில் அரிப்பு கூடியிருந்தது. அவள் கேப்ஸ்யூல் கேட்டாள். டாக்டரம்மா அது கூடாது என்று சொல்லி, கர்ப்பத்துக்கு ஆகிற களிம்பைக் கொடுத்தார். இப்போது அவள் கையில் பொட்டணம் பொட்டணமாகக் கேரம் பவுடர் இருந்தது.

டாக்டரம்மா உடனே அவள் வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்தது மாமியார். என்ன விஷயம் என்று மாமியார் கேட்க, திகைத்துப்போன டாக்டரம்மா, ஏலக்காய் விற்பதற்கு இருக்கிறதா என்று மலையாளத்தில் கேட்டுவிட்டார். "இங்கன ஏலக்காயும் இல்ல ஒண்ணும் இல்ல, போனை வையி" என்று மாமியார் வைத்துவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"மேடம், நாளைக் காலையில அந்த ஜீப்புல ஏறணும். எல்லார் கையிலயும் உள்ள பவுடரைத் திரும்ப வாங்கணும். பேச்சி பேரு மட்டும் உங்க வாயில வரக்கூடாது."

மறுநாள் விடிகிற நேரத்தில் போடியில் அந்த ஜீப்பைக் கை காட்டி நிறுத்தினேன். டிரைவர் பெருமாள், "ஆளு நெறஞ்சு வழியுது ஆத்தா" என்றார். பின்னாலிருந்து சரசு, "ஏ, நம்ம கம்பவுண்டரம்மா! ஏறுங்க ஏறுங்க, என் மடியில உக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஓர் ஆள் தொடையில் பாதியும் சாப்பாட்டுக் கூடையில் பாதியுமாக உட்கார்ந்தேன். கடைசி ஓரத்தில், கம்பியைப் பிடித்தபடி முத்துப்பேச்சி இருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் அவள் பக்கமே திரும்பாமல் கோபால் பல்பொடி விற்கிறவள் மாதிரி சத்தமாக ஆரம்பித்தேன்.

"எல்லாரும் கேளுங்க. யோனிக்குள்ள அரிப்பு வந்தா..."

பெருமாள் சட்டென்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். சரசு எட்டி அவர் தோளில் ஒன்று வைத்தாள். "அமத்துங்கண்ணே, டாக்டர் விசயம் பேசுறாக."

"நான் ரோட்டப் பாக்கவா, காதப் பொத்தவா? ரெண்டுக்கும் கை பத்தாது ஆத்தா!"

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. நான் விடவில்லை. கேரம் பவுடர் காய் ஓடுவதற்காகச் செய்தது, அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அளவும் கிடையாது, ஒருத்தி புண்ணாகி வந்து படுத்திருக்கிறாள் என்றேன். உங்களுக்கு வியாதியைக் கொண்டுவருவதே ஈரப் பாவாடையும் படுதாவும்தான், மத்தியானம் மாற்ற ஒரு காய்ந்த பாவாடையைக் கூடையில் போட்டு வாருங்கள் என்றேன். பிறகு, கடைசி ஓரத்தைப் பார்க்காமல், "வயித்துல புள்ள இருக்கவங்க இதைத் தொடவே கூடாது" என்றேன்.

இடுப்பிலிருந்தும் ரவிக்கையிலிருந்தும் பொட்டணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஆனால் சரசுவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நான் குடுத்தது என்ன வெசமா? எனக்கு நல்லாக் கேட்டுச்சே! இங்கன யாருக்கு வயித்துல புள்ள? நமக்கெல்லாம் கடை சாத்தி வருசமாச்சு."

மறுபடியும் ஒரே சிரிப்பு. வெளியே வந்த பொட்டணங்கள் திரும்ப இடுப்புக்கே போயின. சரசு தன் கூடையிலிருந்து இன்னும் இரண்டை எடுத்து, கடைசி ஓரத்தைப் பார்த்து வீசினாள்.

"ஏ பேச்சி, நீ பயந்துறாத. நீதான் ரொம்ப அவதிப்படுற. என் பங்கையும் நீயே வச்சுக்க."

பொட்டணங்கள் முத்துப்பேச்சியின் மடியில் விழுந்தன. எனக்கு நாக்கு நுனிவரை அவள் பேர் வந்துவிட்டது. சத்தியமும் கொடுத்தாயிற்று, டாக்டரம்மாவும் எச்சரித்தாயிற்று. வாயை இறுக மூடிக்கொண்டு, முருகா, இவள் புத்தியை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஜீப் ஒரு கொண்டைஊசி வளைவில் சாய்ந்து திரும்பியது. பேச்சி ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள், இன்னொரு கையால் வயிற்றைப் பிடித்தாள்.

"எனக்கு வேணாம்க்கா."

"ஏன்டி?"

"எனக்கு வயித்துல புள்ள இருக்கு."

பெருமாள் போட்ட பிரேக்கில் நாங்கள் அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் போய் விழுந்தோம். விழுந்தவர்கள் எழுந்திருக்கவில்லை; விழுந்த இடத்திலிருந்தே குலவை போட ஆரம்பித்துவிட்டார்கள். அந்த மலையில் இருந்த குரங்கெல்லாம் மரம் மாறியிருக்கும். (அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. படிக்கிறவர்கள் பதறக் கூடாது என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

"அதை வச்சியா? உள்ள வச்சியா?" என்று நான் கூட்டத்துக்குள் நீந்திப் போய் அவள் கையைப் பிடித்தேன்.

"பிரிக்கவே இல்லம்மா. டாக்டரம்மா கூடாதுன்னாகள்ல. வேணாம்னு சொன்னா சரசக்கா ஏன்னு கேப்பாக. அதான் குடுக்கக் குடுக்க வாங்கி வச்சுக்கிட்டேன்." கூடையின் அடியிலிருந்து அத்தனை பொட்டணத்தையும் எடுத்து என் மடியில் போட்டாள். மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தன. எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது. ஜீப்பில் இடமில்லை.

சரசு மட்டும் குலவை போடவில்லை. அவள் வாய் மூடியிருந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் தளும்ப, "ரெண்டு தடவையும் உன்கூட உக்காந்து அழுதேன்லடி. சிரிக்கிறதுக்கு மட்டும் நாங்க ஆகாதவகளா?" என்றாள்.

"இந்தத் தடவையும் ஒங்கள அழுக வச்சிருவனோன்னு பயந்துட்டேங்க்கா" என்றாள் பேச்சி.

சரசு அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, "எடுங்கடி எல்லாத்தையும்!" என்று ஒரு அதட்டல் போட்டாள். நான் அரைமணி நேரம் பேசி வாங்க முடியாத பொட்டணங்கள் அரை நிமிடத்தில் என் பைக்கு வந்து சேர்ந்தன. அடுத்த அதட்டல், அதுவரை காது கேளாதவர் மாதிரி முன் சீட்டில் இருந்த தோட்டத்து மேற்பார்வைக்காரரான கங்காணிக்கு. அவர் மறுபேச்சில்லாமல் பின்னால் வந்து கூடைமேல் உட்கார்ந்தார். பேச்சியை முன் சீட்டில் உட்கார வைத்து, அத்தனை பேர் தலைத்துண்டையும் மடித்து அடியில் கொடுத்தார்கள். வழக்கமாக வளைவுகளில் பறக்கும் பெருமாள் அன்றைக்கு ஓட்டிய ஓட்டத்தில், தள்ளுவண்டிக்காரன்கூட எங்களை முந்தியிருப்பான். பின்னால் ஹாரன் அடித்த பஸ்காரனைச் சரசு எழுந்து நின்று வைதாள்.

மலை உச்சியில் போடிமெட்டு செக்போஸ்ட் வந்தது. அந்த ஜீப்புகளில் எப்போதும் அனுமதிக்கு மேலேதான் ஆள் இருக்கும். கேட்டால் டிரைவர்கள் குறைத்துச் சொல்வார்கள், பின்னால் இரண்டு மூன்று பேர் குனிந்துகொள்வார்கள். போலீஸ்காரருக்கும் அது தெரியும்.

"எத்தனை பேருய்யா?" என்றார் அவர்.

"எட்டு பேரு சார்" என்றார் பெருமாள், பழக்கத்தில்.

"பொய் சொல்றாரு சார்" என்று பின்னாலிருந்து சரசு கத்தினாள். "பதினாலு!"

போலீஸ்காரர் வெலவெலத்துப் போனார். இப்படி ஒரு வாக்குமூலம் அந்த செக்போஸ்டில் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். லத்தியை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டு வந்தார். கங்காணியை எண்ணினார், என்னை எண்ணினார், முன்னால் போய் டிரைவரையும் பேச்சியையும் எண்ணினார்.

"பதிமூணுதான இருக்கு?"

"நல்லா எண்ணுங்க சார்."

மறுபடியும் எண்ணினார். குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். "பதிமூணுதான்மா!" என்றார், கிட்டத்தட்டக் கெஞ்சலாக.

"பதினாலு!" என்று ஜீப் முழுக்க ஒரே குரலில் சொன்னது. முன் சீட்டில் பேச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

போலீஸ்காரர் எங்களைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், போய்த் தொலைங்கள் என்று சாலையின் குறுக்குக் கட்டையைத் தூக்கினார். ஆளைக் குறைத்துச் சொல்லியே பழகிய அந்த ஜீப், அன்றைக்குப் பதினாலு பேரோடு மலையைத் தாண்டியது.